பாலுக்கு முன் பிண்ணாக்கைச் சோதிக்க வேண்டும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் எவருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. சரிகை நல்லதா, மட்டமானதா என்பதைத் தறியில் ஏற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். புடவை நெய்து, மடித்து, கடைக்குப் போன பின்பு சரிகையில் வெள்ளி குறைவு என்று தெரிந்தால் நெசவாளியின் பல நாள் உழைப்பு வீணாகிறது. கொடுத்த சரிகையைத்தான் அவர் நெய்தார். குற்றம் அவருடையதன்று. ஆனால் பழியும் நஷ்டமும் அவர் வாசலுக்கே வந்து நிற்கின்றன.

கறவை மாடு வளர்க்கும் சிறு விவசாயிக்கும் இதே நிலை வரக்கூடும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களில், பயிர்த்தொழிலோடு ஒன்றிரண்டு கறவை மாடுகளையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவோர் பலர். காலையிலும் மாலையிலும் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு அடர்த்தியும் கொழுப்புச் சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். இந்தச் சோதனைகளோடு இன்னொன்றும் சேரும் காலம் தொலைவில் இல்லை. அது பாலில் உள்ள பூசண நஞ்சை அளக்கும் சோதனையாகும். அதற்கான கருவிகள் ஆராய்ச்சிக்கூடங்களில் உருவாகி வருகின்றன. அவை நல்ல கருவிகளே. ஆனால் அவற்றை முதலில் எங்கே வைப்பது என்பதில்தான் சிறு விவசாயியின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாடு முதலிடம் பெற்ற ஒரு பட்டியல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ம் ஆண்டில் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தது. முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. நீர் கலப்படத்தைக் காட்டிலும் கவலை தந்த செய்தி ஒன்று அதில் இருந்தது. 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு 5.7 மாதிரிகளில், அஃப்ளாடாக்சின் எம்-1 என்னும் நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் காணப்பட்டது. மாநில வாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில்தான் இது மிகுதி. இங்கு எடுத்த 551 மாதிரிகளில் 88 தேறவில்லை.

இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. இது மாட்டின் வாய் வழியாக வருவது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பச்சைப் பூசணம் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை ஆகியவற்றில் வளரும்போது அஃப்ளாடாக்சின் பி-1 என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் ஈரலில் பி-1 உருமாறி, எம்-1 ஆகப் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் இது அழிவதில்லை.

இதன் கொடுமையை உலகம் முதலில் அறிந்தது 1960-ல். இங்கிலாந்தில் பூசண நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்ற சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. இந்தியாவில் 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டோர் ஈரல் நோய் கண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு இது. பாலை அதிகம் குடிப்போர் குழந்தைகள் என்பதால் கவலை இன்னும் கூடுகிறது. ஆகவே சோதனையே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

சின்னக் கணக்கு

ஒரு லிட்டர் பாலில் எம்-1 நஞ்சு அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. ஒரு கிராம் நஞ்சை 20 லட்சம் லிட்டர் பாலில் கலந்தால் கிடைக்கும் அளவு இது. ஐரோப்பிய நாடுகள் இதிலும் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கின்றன.

கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி-1 நஞ்சுள்ள பிண்ணாக்கை ஒரு மாடு நாளுக்கு 2 கிலோ தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடலில் சேரும் நஞ்சு 200 மைக்ரோகிராம். இதில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு பாலில் இறங்குவது வழக்கம். நிறையக் கறக்கும் மாட்டில் இன்னும் கூடுதலாக இறங்கும். இரண்டு பங்கு என்றால் 4 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் ஆகிறது. வரம்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. பிண்ணாக்கில் அந்த அளவு நஞ்சு இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே பூசணம் பூக்காத பிண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். ஆகவே மூட்டையை முகர்ந்து பார்த்து வாங்கும் விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை.

கருவிக்குள் இருப்பது என்ன?

இவ்வளவு நுட்பமான அளவை அளக்க, பெரிய ஆய்வகங்களில் விலையுயர்ந்த இயந்திரங்கள் இருக்கின்றன. கிராமத்துக்கு அவை ஒத்துவாரா. அதனால்தான் விஞ்ஞானிகள் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை நாடினர். மாட்டுக்குத் தடுப்பூசி போட்டால், அந்தக் குறிப்பிட்ட நோய்க்கிருமியை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் ஒரு புரதம் அதன் ரத்தத்தில் உண்டாகிறது. அதுவே எதிர்ப்பொருள். அஃப்ளாடாக்சினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளையும் ஆய்வகத்தில் உண்டாக்க முடியும். ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், கடலையில் இந்த நஞ்சைக் கண்டறிய இத்தகைய எதிர்ப்பொருள்களை உருவாக்கிக் குறைந்த செலவுச் சோதனைமுறைகளை அளித்துள்ளது.

எதிர்ப்பொருளை ஒரு மின்முனையின் மேல் ஒட்டவைத்தால் அதுவே உயிர் உணரி ஆகிறது. மின்முனை என்பது தங்கம், வெள்ளி அல்லது கரியால் ஆன சிறு பரப்பு. அதன்மேல் ஒரு சொட்டுப் பால் பட்டதும், பாலில் நஞ்சு இருந்தால் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்கிறது. அப்போது மின்முனையில் மின்சாரம் பாயும் தன்மை சற்றே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது.

இத்தாலியில் 2005-ல், அச்சடித்த மின்முனைகளில் எதிர்ப்பொருளைப் பதித்துப் பாலில் எம்-1 நஞ்சை அளந்து காட்டினர். இந்தியாவில் 2012-ல், கோவாவில் உள்ள பிட்ஸ் பிலானி வளாகத்தின் ஆராய்ச்சியாளர்கள் வெள்ளிக் கம்பியையே மின்முனையாகக் கொண்டு அதே நஞ்சை அளக்கும் முறையை வெளியிட்டனர். சரிகைக்கு உயிரான வெள்ளி பால் சோதனைக்கும் உதவியிருக்கிறது என்பது காஞ்சிபுரத்தாருக்கு இனிய செய்தியே. எனினும் இத்தகைய உணரிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. சந்தையில் எளிதில் கிடைப்பவை எதிர்ப்பொருள் தடவிய காகிதப் பட்டைச் சோதனைகளே.

ஒட்டுவதும் ஒரு நடவுதான்

ஆய்வுக்கூடத்தைத் தாண்டத் தடையாக இருப்பவற்றுள் முக்கியமானது, மின்முனையில் எதிர்ப்பொருளை ஒட்டும் வேலை. நடவு தெரிந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

எதிர்ப்பொருள் கவட்டைக் கம்பு போன்ற வடிவம் கொண்டது. கவட்டையின் இரு நுனிகள்தான் நஞ்சைப் பிடிக்கும் கைகள். அடிக்காம்பு மின்முனையில் ஊன்றி, கைகள் மேலே நிற்க வேண்டும். எதிர்ப்பொருள் கரைசலில் மின்முனையைச் சும்மா நனைத்து எடுத்தால், சில நேராக நிற்கும், சில படுத்துவிடும், சில தலைகீழாக ஒட்டும். நாற்றைத் தலைகீழாக நட்டால் பயிர் வருமா? அப்படி ஒட்டியவை நஞ்சைப் பிடிப்பதில்லை. கழுவும்போது பாதி உதிர்ந்தும் போகின்றன.

எனவே வேறு வழிகளைக் கையாளுகின்றனர். கந்தக முனை கொண்ட வேதிப்பொருள் தங்கத்திலும் வெள்ளியிலும் கெட்டியாகப் பற்றி, புல்தரை போல் வரிசையாக நிற்கும். அதன் மறுமுனையில் எதிர்ப்பொருளை வேதிப் பிணைப்பால் கட்டுகின்றனர். இதில் பிடிப்பு பலமானது. ஆனால் எந்தப் பக்கம் ஒட்டும் என்பது நிச்சயமில்லை. அதைச் சரிசெய்ய ‘புரதம் ஏ’ உதவுகிறது. மடிநோய் உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியின் மேலுறையில் உள்ள பொருள் இது. எதிர்ப்பொருளின் அடிக்காம்பை மட்டும் பற்றிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதமும், பயோடின் என்னும் வைட்டமினும் ஒன்றையொன்று இறுகப் பற்றுபவை. அந்த இணைப்பையும் பயன்படுத்துகின்றனர்.

அடுத்தது இடைவெளி. நாற்று நெருங்கினால் தூர் கட்டாது. எதிர்ப்பொருளும் நெருங்கி நின்றால் கைகள் ஒன்றோடொன்று இடித்து நஞ்சைப் பிடிக்க இடமிராது. கலக்க நட்டாலோ வெற்றிடம் மிகுந்துவிடும். வெற்றிடத்தில் களை வருவது போல, பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் அங்கே ஒட்டிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். அதைத் தடுக்க அந்த இடங்களை முன்கூட்டியே வேறு புரதத்தால் மூடிவிடுகின்றனர். மூடாக்குப் போடுவது போன்ற வேலை அது.

கடைசியாக வெயில். எதிர்ப்பொருள் ஒரு புரதம். முட்டை வெந்தால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்பாதோ, அப்படியே சூட்டில் கெட்ட எதிர்ப்பொருளும் திரும்பாது. இவற்றைப் பொதுவாகக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்கின்றனர். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒரு பெட்டி பட்டைகள் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் விளக்கு எரியும், எண்ணும் காட்டும். ஆனால் அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

இவற்றையெல்லாம் விவசாயி ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அந்த எண்தான் அவர் பாலை ஏற்பதா, திருப்புவதா என்று தீர்மானிக்கப் போகிறது என்பதே விடை. தராசை அறியாதவர் எடையில் ஏமாறுவார். கருவியை அறியாதவரும் அப்படியே.

தலைமடையில் தொடங்குவோம்

கூரத்துக்கு ஒரு பழம்பெருமை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, இவ்வூரில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகிறது. ஆற்றுக் கால்வாயை நம்பி வாழ்ந்த ஊருக்கு ஒன்றைச் சொல்லித் தர வேண்டாம். தலைமடையில் நீர் கெட்டால், கடைமடையில் நின்று வடிகட்டிப் பயனில்லை.

பால் கடைமடை. பிண்ணாக்குதான் தலைமடை. சங்க வாசலில் பாலைச் சோதித்து நஞ்சு இருக்கிறது என்று திருப்பியனுப்பினால் நஷ்டப்படுபவர் யார்? ஒரு மாட்டை வைத்துப் பிழைப்பவர். நஞ்சேறிய பிண்ணாக்கை விற்றவருக்கு அன்றைய காசு கைக்கு வந்தாகிவிட்டது. அதே மூட்டைகள் மறுநாள் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

தீவனத்தில் சோதனை செய்வதற்கு நியாயம் மட்டுமல்லாமல் வசதியும் உண்டு. கலப்புத் தீவனத்தில் பி-1 நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பாலின் வரம்போடு ஒப்பிட்டால் இது 40 மடங்கு பெரிய அளவு. அளவு பெரிதானால் கருவி தடுமாறுவது குறையும். மேலும் ஒரு லாரித் தீவனத்தைச் சோதித்தால் நூற்றுக்கணக்கான மாடுகளைக் காத்ததாகும். பிண்ணாக்கில் நஞ்சு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் இல்லாமலும் இருக்கும் என்பது உண்மையே. அதற்குப் பல மூட்டைகளிலிருந்தும் எடுத்துக் கலந்து, பொடித்து, கரைசலாக்கிச் சோதிக்க வேண்டும். அதை வீட்டில் செய்ய இயலாது. தீவன ஆலையிலும், மொத்த வியாபாரியின் கிடங்கிலும், சங்கத்தின் தீவன விற்பனை நிலையத்திலும் செய்ய இயலும்.

பாலைக் குடிப்பவரின் உடல்நலம் முக்கியமல்லவா, பாலைச் சோதிக்காமல் விடலாமா என்று சிலர் கேட்பர். விடக்கூடாது. பால் குளிரூட்டு நிலையத்திலும், பண்ணையிலும் பாலைச் சோதித்தே ஆக வேண்டும். நஞ்சு கண்டால் அது எந்தச் சங்கத்திலிருந்து, எந்தத் தீவனத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். சோதனையின் நோக்கம் வழியைக் கண்டறிந்து அடைப்பதாக இருக்கட்டும். தனி விவசாயியின் பாலைக் கொட்டுவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

இத்தகைய கருவியை எவரேனும் சங்கத்துக்கு விற்க வரும் நாளில், உறுப்பினர்கள் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்.

1. பட்டைகள் எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை மாதம் கெடாமலிருக்கும்? காலாவதித் தேதி ஒவ்வொரு உறையிலும் உண்டா?

2. தண்ணீரில் கலந்த நஞ்சைக் காட்டினால் போதாது. கொழுப்பு மிகுந்த எருமைப்பாலிலும் சரியாகக் காட்டுகிறதா?

3. நஞ்சில்லாத மாதிரியும், அளவு தெரிந்த நஞ்சுள்ள மாதிரியும் கருவியோடு தரப்படுகிறதா? தினமும் முதலில் அவற்றை வைத்துக் கருவியைச் சரிபார்த்த பிறகே உறுப்பினரின் பாலைத் தொட வேண்டும்.

4. கருவி நஞ்சு உண்டு என்றால் அதுவே தீர்ப்பா? ஆகாது. அதே பாலில் இன்னொரு மாதிரியை உற்பத்தியாளர் முன்னிலையில் முத்திரையிட்டு வைத்து, ஆய்வகத்தில் உறுதி செய்த பின்பே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்குகிறது. தீவனத்தில் பூசண நஞ்சைச் சோதிக்கும் வசதி அங்கு உண்டு. தனி ஒருவருக்குத் தொலைவும் செலவும் தடையாகலாம். ஒரு சங்கம் தான் வாங்கும் சரக்குக்காக மாதிரி அனுப்புவது அப்படியொன்றும் பாரமன்று.

கருவி வரும் வரை

நஞ்சைத் தடுக்கும் வேலையின் பெரும்பகுதி வயலிலும் வீட்டிலும் இருக்கிறது. கடலை முற்றும் தறுவாயில் வறட்சி கண்டால் பூசணம் எளிதில் புகும். இயன்றால் அப்போது ஒரு தண்ணீர் விடுவது நன்று. பருவம் தவறாமல் பறித்து, வெட்டுப்பட்ட காய், பூச்சி துளைத்த காய், சொத்தை ஆகியவற்றைப் பிரித்து அகற்ற வேண்டும். ஆகாதவை என்று அவற்றை மாட்டுக்குப் போடுவது பெருந்தவறு. காய்களை ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாமல் காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு சலசலவென்று ஒலிப்பது நன்கு காய்ந்ததற்கு அறிகுறி.

பிண்ணாக்கை மழைக்காலத்துக்கென்று மொத்தமாக வாங்கி அடுக்காமல், அவ்வப்போது தேவைக்கு வாங்குவதே நலம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். பூசணம் பூத்த பிண்ணாக்கைக் கழுவியோ, காயவைத்தோ, நல்லதோடு கலந்தோ கொடுக்கலாகாது. சந்தேகம் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். நஞ்சுள்ள தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பாலில் எம்-1 ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. இது விவசாயிக்கு ஆறுதலான செய்தி. மாடு கெட்டுவிடவில்லை, தீவனத்தை மாற்றினால் பால் தேறும்.

எதிர்ப்பொருள் பதித்த மின்முனை இன்றில்லாவிடினும் நாளை கிராமத்துக்கு வரலாம். அதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் அது முதலில் அமர வேண்டிய இடம் பிண்ணாக்குக் கிடங்கு. தறியில் ஏற்றும் முன்பே சரிகையைப் பார்க்கும் காஞ்சிபுரத்து வழக்கம் பாலுக்கும் பொருந்தும். கூரம் முதலான ஊர்களின் பால் உற்பத்தியாளர்கள் தங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே, ‘சோதித்த சீட்டில்லாத பிண்ணாக்கை வாங்குவதில்லை’ என்று ஒரு தீர்மானம் போடலாம். அதற்கு எந்தக் கருவியும் வர வேண்டியதில்லை.